நல்லா இருக்கேங்க

திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இன்னொருவருக்காகப் பேசுவது பாவமில்லை என்றுதான் அந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். சுபிக்ஷா அதை அப்படியே நம்பினாள். பின்னாளில் மனசு அரிக்கும்போதெல்லாம் அவள் முதலில் பிடித்துக்கொண்டது இந்தச் சமாதானத்தைத்தான். சொல்லிக் கொடுத்தபடிதானே செய்தோம்? ஆனால் சொல்லிக் கொடுத்ததில் பாதியைத்தான் செய்தோம் என்பது உடனே நினைவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கோயம்புத்தூரைத் தாண்டி இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு வடிவமைப்பும் தொழில்முனைவும் என்று நீளமான பெயர். பிள்ளைகள் அதைப் பட்டறை கிளாஸ் என்றார்கள். பரீட்சை கிடையாது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஏதாவது ஒரு கஷ்டத்தில் இருக்கும் ஒரே ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கஷ்டம் தீர ஒரு பொருளைக் கையால் செய்ய வேண்டும். வருடக் கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் அதை மேடையேற்ற வேண்டும். நன்றாக இருந்தால் கம்பெனியாகவே ஆரம்பித்துவிடலாம். படித்து முடித்து வேலை தேடி அலைவதற்குப் பதிலாக முதலாளியாகவே வெளியே வரலாம் என்ற ஆசையில் அந்த வகுப்புக்கு அடிதடி.

நடத்தியவர் வனஜா மேடம். பம்ப்செட் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவர். முதல் வகுப்பிலேயே அவர் இரண்டு விதிகளைச் சொன்னார்.

"எதைச் செஞ்சாலும் மொதல்ல உங்க உடம்புல மாட்டிப் பாருங்க. அடுத்தவங்க உடம்புல அப்பறம். இது ஒண்ணு. இன்னொண்ணு, மெஷினைச் செய்யறதுக்கு முன்னாடி அது வேணுமான்னு தெரிஞ்சுக்கங்க. மெஷின் செய்யவேண்டிய வேலையை நீங்களே ஒரு திரைக்குப் பின்னாடி உக்காந்து செய்யுங்க. எதிர்ல இருக்கறவங்க மெஷின்னே நெனச்சுக்கட்டும். அவங்களுக்குப் பிடிச்சிருந்தா அப்பறம் நெஜ மெஷினைச் செய்யலாம். ஆனா சோதனை முடிஞ்ச உடனே திரையை எடுத்துட்டு, 'நாங்கதாங்க பேசுனோம்'னு சொல்லிடோணும். சொல்லாம விட்டா அதுக்குப் பேரு சோதனை இல்ல. மோசடி."

சுபிக்ஷாவும் அவள் கூட்டாளி நவநீதனும் தேடிப் பிடித்த ஆள் சென்னியப்பன். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஒரு நாள் காலையில் பட்டறையிலேயே விழுந்தார். மூளையின் அடியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தப்பியது, நினைவும் தப்பியது. கை கால் வாய் எல்லாம் நின்றுபோனது. கண் மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்டது. ஒரு தடவை மூடித் திறந்தால் ஆமாம். இரண்டு தடவை மூடித் திறந்தால் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் அவர் மனைவி வசந்தாமணி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்.

"தண்ணி வேணுங்களான்னா கண்ணை மூடுவாரு அம்மணி. ஆனா என்ன நெனைக்கறாருன்னு நாங் கேட்டுத்தானே ஆகோணும்? நான் கேக்காத ஒண்ணு அவரு மனசுல இருந்தா?" என்று முதல் நாளே கேட்டார் வசந்தாமணி. அதை வனஜா மேடத்திடம் போய்ச் சொன்னபோது, நல்ல கேள்வி கிடைத்துவிட்டது, இனி விடாதீர்கள் என்றார் அவர்.

சுபிக்ஷாவும் நவநீதனும் ஒரு கழுத்துப் பட்டையைச் செய்தார்கள். பேச நினைக்கும்போது, பேச முடியாதவர் தொண்டையில்கூட மிக மெல்லிய துடிப்பு ஒன்று ஓடும். பட்டையில் இருக்கும் உணரிகள் அந்தத் துடிப்பைப் படித்து, எந்தத் துடிப்பு எந்தச் சொல் என்று கண்டுபிடித்து, வெளியே குரலாகச் சொல்ல வேண்டும். யோசனை அவ்வளவுதான்.

குரலும் அவருடைய குரலாகவே இருக்க வேண்டும் என்பது சுபிக்ஷாவின் பிடிவாதம். தேடியதில் வசந்தாமணியின் போனில் ஒரே ஒரு பதிவு கிடைத்தது. பட்டறையில் யாரோ ஒரு வேலையாளைச் சென்னியப்பன் கிழிகிழியென்று கிழிக்கும் பதிவு. அதில் கெட்ட வார்த்தைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இருந்த கொஞ்சூண்டு பேச்சிலிருந்து ஒரு குரலைத் தைத்து எடுத்தார்கள். மனிதர் நல்ல வாய்க்காரர் என்று நவநீதன் விழுந்து விழுந்து சிரித்தான்.

முதல் விதியை அவர்கள் செய்யவில்லை. பட்டையைத் தங்கள் கழுத்தில் மாட்டிப் பார்க்கவே இல்லை. "நமக்குத்தான் பேச வருதே, நாம எதுக்கு மாட்டிக்கிட்டு?" என்றான் நவநீதன். சுபிக்ஷாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திரைச் சோதனையைச் செய்தார்கள். சென்னியப்பன் கட்டிலில் பட்டையோடு இருப்பார். பக்கத்து அறையில் மடிக்கணினியோடு சுபிக்ஷா. வசந்தாமணி எதையாவது கேட்பார். சென்னியப்பன் என்ன சொல்ல நினைத்திருப்பார் என்று ஊகித்து சுபிக்ஷா தட்டச்சு செய்வாள். அது அவர் குரலில் கேட்கும்.

"வலி பரவால்லைங்களா?"

"பரவால்ல. நல்லா இருக்கேன்."

சுபிக்ஷா நல்ல வீட்டில் வளர்ந்த பெண். அவள் ஊகித்ததெல்லாம் நல்லதாகவே இருந்தது. முதல் நாள் முடிவில், ஒரு உந்துதலில், "நீ சாப்பிட்டியா?" என்று தட்டினாள். அடுத்த அறையில் வசந்தாமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அந்த அழுகையைக் கேட்டுவிட்டு யாரால் போய், "நாங்கதாங்க பேசுனோம்" என்று சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாள் போனால் வாசலிலேயே அவர் காத்திருந்தார். "வா கண்ணு. இன்னிக்கு அவரு என்ன பேசுவாருன்னு காலையில இருந்து அடுப்பு வேலையே ஓடல" என்றார். சுபிக்ஷா நேராகப் பக்கத்து அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள்.

மேடையேறும் நாள் நெருங்கியது. நிஜ மெஷின் நகரவே இல்லை. சென்னியப்பனின் தொண்டைத் துடிப்பு அவ்வளவு பலவீனம், அவர்கள் எழுதிய நிரலுக்கு அது வெறும் இரைச்சல்.

"திரையை வெச்சே ஓட்டிடலாம்," என்றான் நவநீதன்.

"மேடம் கேட்டா?"

"சுபி, ஒரே ஒரு நாள். பணம் வந்துருச்சுன்னா நெஜமாவே செஞ்சுடலாம். செய்ய முடியாததையா சொல்றோம்? கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்வளவுதான்."

மேடையேறும் அன்று காலையில் வனஜா மேடம் ஒவ்வொரு ஜோடியிடமும் வந்து பார்த்துக்கொண்டே போனார். இவர்களிடம் வந்து, "திரையை எடுத்தாச்சா?" என்று கேட்டார். நவநீதன் வாயைத் திறப்பதற்குள் சுபிக்ஷா தலையை ஆட்டினாள். எல்லாப் பழியையும் நவநீதன் தலையில் போட அவளால் முடியாமல் போனதற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

அரங்கத்தில் நீலத் திரைச்சீலைக்குப் பின்னால், ஒலிப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் தட்டினாள். மேடையில் சக்கர நாற்காலியில் சென்னியப்பன். முதலீட்டாளர் ஒருவர் குனிந்து, "இந்தப் பிள்ளைகளைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார். "எனக்கு ரெண்டாவது தடவை வாய் குடுத்தாங்க. நல்லா இருக்கோணும்," என்றது சென்னியப்பனின் குரல். அரங்கம் எழுந்து நின்றது.

திரைச்சீலையின் இடுக்கு வழியாக சுபிக்ஷா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் இரண்டு தடவை. கண்ணோரம் நனைந்திருந்தது. கீழே யாரோ, "பாருங்க, அழுகறாரு," என்றார்கள். விளக்கு வெளிச்சம் கண்ணில் படுகிறது போல என்று சுபிக்ஷா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு ஆமாம் எது இல்லை எது என்று தெரியாதா என்ன?

முதல் பரிசு அவர்களுக்கு. பணம் வந்தது, படிப்பு முடியும் முன்பே கம்பெனி வந்தது. நிஜ மெஷினும் வந்தது.

அது எப்படி வந்தது என்பதுதான் விஷயம். பட்டை பதிவு செய்திருந்த தொண்டைத் துடிப்புகளையும், அந்தந்த நேரத்தில் பேசப்பட்ட வாக்கியங்களையும் ஜோடி சேர்த்து நவநீதன் மெஷினுக்கு ஊட்டினான். இந்தத் துடிப்பு வந்தால் இந்தப் பேச்சு என்று மெஷின் கற்றுக்கொண்டது. எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வியையும் அது காதில் வாங்கிக்கொள்ளும். சீக்கிரமே தடுமாறாமல், திக்காமல், அழகாகப் பேச ஆரம்பித்துவிட்டது. சுபிக்ஷாவுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. கொஞ்ச நாள் பொய் சொன்னோம், இப்போது அது நிஜமாகிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டை விற்றது. மருத்துவமனைகளுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது. பேச முடியாத நோயாளிகள் எல்லோரும் பேசினார்கள், ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. நர்ஸ்கள் புகழ்ந்தார்கள். சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தென்மாவட்டங்கள் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனைக் குழுமம், தன் எல்லாப் படுக்கைகளுக்கும் அதை வாங்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தது. கல்லூரியில் பட்டறை வகுப்பின் புதிய ஆண்டைத் தொடங்கிவைக்க சுபிக்ஷாவையும் நவநீதனையும் கூப்பிட்டிருந்தார்கள். குழுமத்தின் ஆட்களும் அங்கேயே வந்து, பட்டை பேசுவதைப் பார்த்துவிட்டு, மேடையிலேயே கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அந்த வாரத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து ஒரு போன் வந்தது. வாடிக்கையாளர் அழைப்புகளைச் சில சமயம் சுபிக்ஷாவே எடுப்பாள். பேசியவர் ஒரு மீனவரின் மகன்.

"கொற ஒண்ணும் இல்ல மேடம். பட்ட நல்லாத்தான் பேசுது. ஒரு சந்தேகம், அதான் போட்டேன். எங்கப்பா கடலுக்குப் போற மனுசன். வாயத் தொறந்தா நாலு வீட்டுக்குக் கேக்கும். இப்ப எங்க அம்மாவையே 'வாங்க, போங்க'ங்காரு. 'வெயில்ல அலையாதீங்க, நல்லா இருக்கேங்க'ங்காரு. எங்க பக்கம் யாருமே இப்படிப் பேச மாட்டோம் மேடம். தெருவே கூடி நின்னு சிரிக்கு. சீக்கு வந்தா மனுசனுக்குப் பேச்சும் மாறிருமோ?"

சுபிக்ஷா என்னவோ பதில் சொல்லிவிட்டு வைத்தாள். வெயிலில் அலையாதீங்க என்பது அவள் வீட்டுப் பேச்சு. அவளுடைய அம்மா வாசலில் நின்று சொல்வது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, முதல் நாள் 'நீ' போட்டவள் போகப் போகத் தன் வீட்டு வழக்கப்படி 'ங்க' போட்டு, கைபோன போக்கில் வசந்தாமணிக்குத் தட்டியது.

நவநீதன் அறைக்குப் போனாள்.

"நாம மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தப்போ, திரைச் சோதனைப் பதிவு எல்லாத்தையும் தனியா எடுத்துட்டியா?"

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்குது? அதுதான் மொத்தமுமே."

"நவநீ, அது அவரு சொன்ன வார்த்தை இல்ல. நான் தட்டுன வார்த்தை. அவரு தொண்டை ஒண்ணு சொல்லியிருக்கும், என் கை வேற ஒண்ணு தட்டியிருக்கும். ரெண்டையும் ஜோடி சேத்து இதுக்கு இதுதான் அர்த்தம்னு கத்துக் குடுத்திருக்கோம்."

நவநீதன் பேனாவை மேசைமேல் உருட்டினான். "அப்படீன்னா இரைச்சலை மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது. கேள்விக்குத் தோதா ஒரு நல்ல பதிலைச் சொல்லிட்டுப் போகும். அவ்வளவுதானே?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு," என்றான். அவன் கெட்டவன் இல்லை, அதனால்தான் முகம் செத்துப்போயிருந்தது. "ஒரு வருசம் குடு. நெஜமாவே துடிப்பைப் படிக்கற மாதிரி மாத்திடலாம். அதுவரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் சந்தோசமாத்தானே இருக்காங்க?"

"யாரு சந்தோசமா இருக்கறது? பக்கத்துல இருக்கறவங்க. படுத்திருக்கறவங்களை யாரு கேட்டா?"

அன்று மதியமே அவள் கணபதிக்குப் போனாள். கம்பெனி ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை. வேலை அதிகம் என்பது வெளியே சொன்ன காரணம்.

வசந்தாமணி கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார், தலையில் பூ வைத்திருந்தார். "வா அம்மணி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று உள்ளே கூட்டிப் போனார். சென்னியப்பன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பட்டை.

"யாரு வந்திருக்கறா பாருங்க."

"வாங்க, நல்லா இருக்கீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க," என்றது பட்டை.

சென்னியப்பனின் கண்கள் அவளைப் பார்த்தன. அவளும் இந்த முறை பார்வையை விலக்கவில்லை.

"உக்காரு கண்ணு, இவருக்குக் கை இழுத்து விட்டுட்டு வந்தர்றேன்," என்று வசந்தாமணி உத்தரத்திலிருந்து தொங்கிய கயிற்றை எடுத்தார். கை விறைத்துப் போகாமல் இருக்கத் தினமும் செய்ய வேண்டிய பயிற்சி அது. கயிற்றில் அவர் இடது கையைக் கட்டி மெல்ல மேலே தூக்கினார். "வலிக்குதுங்களா?"

"இல்லைங்க. நல்லா இழுங்க."

கண்கள் மூடித் திறந்தன, மூடித் திறந்தன. வசந்தாமணி கயிற்றைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தார். கண்கள் மறுபடி இரண்டு தடவை மூடித் திறந்தன, மறுபடியும். பட்டையின் குரலைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை நாளும் இந்த வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது என்று சுபிக்ஷாவுக்குப் புரிந்தது.

"அம்மா, கயித்தை விடுங்க," என்றாள். எழுந்து போய்ப் பட்டையைக் கழற்றினாள். "அய்யா, தோள்பட்டை வலிக்குதுங்களா?"

ஒரு தடவை.

"ரொம்ப நாளாவா?"

ஒரு தடவை. அப்படியே கண்ணைத் திறக்காமல் சற்று நேரம் வைத்திருந்தார்.

வசந்தாமணி கயிற்றை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சுபிக்ஷா எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து அறை, மடிக்கணினி, அரங்கத்துத் திரை, மெஷின் எதைக் கற்றுக்கொண்டது என்பது வரை. சொல்லி முடித்து, இந்த அம்மா செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் அம்மணி," என்றார் வசந்தாமணி.

"தெரியுமா?"

"மெஷினா நீயான்னுதான் தெரியாது. அவரு இல்லைன்னு தெரியும். கலியாணம் ஆன நாள்ல இருந்து ஒரு வேளை இவரு என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. விழுந்து படுத்ததுக்கு அப்பறம் கேப்பாரா? ஆனா கேக்க நல்லா இருந்துச்சு. அவரு கண்ணைப் பாத்தா அந்தப் பேச்சு நின்னுபோயிருமேன்னு பாக்காம இருந்துட்டேன்." சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். "சாப்பிட்டியான்னு கேட்டதை நம்பல. வலிக்கலைன்னு சொன்னதை மட்டும் நம்பி, தினமும் இந்தக் கையை இழுத்திருக்கறேன் பாரு. நான் என்ன மனுசி?"

அந்தக் கேள்வியில் பாதி தனக்கு உரியது என்று சுபிக்ஷாவுக்குத் தோன்றியது. அதைச் சொல்லி அந்த அம்மாவுக்கு ஆறுதல் தர அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிய அட்டவணை. விரலை ஒவ்வொரு வரிசையாக நகர்த்த, சரியான இடத்தில் அவர் கண்ணை மூடினால் போதும். மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். இதை முதல் நாளே செய்திருக்கலாம். முதல் பரிசு கிடைத்திருக்காது, அவ்வளவுதான்.

"அய்யா, என்ன சொல்லோணும்னாலும் சொல்லுங்க."

விரல் நகர்ந்தது. ய வரிசையில் நிறுத்தினார். யா. மறுபடி முதலிலிருந்து போய், ர வரிசை. ரு.

யாரு. இத்தனை காலம் என் குரலில் பேசியது யார் என்று கேட்கிறார். அவள் சொன்னதை எல்லாம் அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் தன்னிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

"நாந்தாங்கய்யா," என்றாள் சுபிக்ஷா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைத் திட்டோணும்னு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

ஒரு தடவை. சட்டென்று, யோசிக்காமல்.

விரல் மறுபடி நகர்ந்தது. அவர் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினார். கடைசி எழுத்து வந்ததும் வசந்தாமணி எட்டிப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இங்கே எழுத முடியாத சொல் அது. குரலைத் தைத்தபோது பதிவிலிருந்து சுபிக்ஷாவும் நவநீதனும் வெட்டி எறிந்த சொற்களில் ஒன்று.

"இது அவருதான்," என்றார் வசந்தாமணி. அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. "அம்மணி, இது அவரேதான்."

கிளம்பும்போது சுபிக்ஷா பட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள். அதை விட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அட்டவணையை வசந்தாமணி மடியில் வைத்துக்கொண்டு, விரலை எப்படி நகர்த்துவது என்று பழகிக்கொண்டிருந்தார்.

கல்லூரி விழா அன்று, மேடையில் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக அவள் சொன்னதும் நவநீதன் காரிலேயே கெஞ்சினான். "இன்னிக்கு மட்டும் வேண்டாம் சுபி. நம்ம கிட்ட வேலை பாக்கற பிள்ளைங்களை நெனச்சுப் பாரு. கையெழுத்து ஆகட்டும். அப்பறம் நானே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லலாம்னுதான் அன்னிக்கும் நெனச்சேன்," என்றாள்.

அதே அரங்கம், அதே நீலத் திரைச்சீலை. கீழே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நோட்டும் போனுமாக நிரம்பியிருந்தார்கள். முன்வரிசையில் மருத்துவமனைக் குழுமத்தின் ஆட்களும் வனஜா மேடமும். தன்னால் உருவானவள் என்ற பெருமை மேடத்தின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் சுபிக்ஷாவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

வெறுமனே வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வந்தாள். மேடையில் நின்றதும், அது போதாது என்று தோன்றியது. சொன்னால், வேலைப்பளுவில் இந்தப் பெண் உளறுகிறது என்று நவநீதன் சமாளித்துவிடுவான். இந்த வகுப்பில் எதையும் செய்துகாட்டித்தான் நிரூபிக்க வேண்டும்.

"வழக்கமா ஒரு நோயாளியைக் கூட்டிட்டு வருவோம்," என்று ஒலிவாங்கியில் சொன்னாள். "இன்னிக்கு நானே மாட்டிக்கறேன். இந்த வகுப்போட முதல் விதி இது. நாங்க இதுவரைக்கும் செய்யல."

வனஜா மேடத்தின் நெற்றி லேசாகச் சுருங்கியது.

பட்டை கழுத்தில் குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்சம் இறுக்கமும்கூட. இது இறுக்கமாக இருக்கும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியைப் பார்த்து, கேள் என்று கையைக் காட்டிவிட்டு, உதடுகளை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் கூச்சத்தோடு எழுந்தாள். "அக்கா, எப்படி இருக்கீங்க?"

நான் உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன் என்று சுபிக்ஷா தொண்டைக்குள் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, அழுத்தி, கழுத்து நரம்பு இழுபடும்படி சொன்னாள்.

"நல்லா இருக்கேங்க," என்றது பட்டை, இனிமையான ஒரு பெண் குரலில். "நீங்க சாப்பிட்டீங்களா?"

அரங்கம் சிரித்தது. கைதட்டல் கிளம்பியது. குழுமத்து ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லித் தலையசைத்தார். மேடை ஓரத்தில் நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

மாணவிக்குத் தைரியம் வந்துவிட்டது. "இந்தப் பட்டை உங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்களா அக்கா?"

இது என் பேச்சே இல்ல, தயவுசெஞ்சு யாராவது இதைக் கழட்டுங்க என்றாள் சுபிக்ஷா. இதைத்தான், அல்லது இதைவிட மோசமாக, ஒரு மனிதர் கணபதியில் ஒரு கட்டிலிலிருந்து தினமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். அவர் போல இன்னும் எத்தனையோ பேர் இந்த நிமிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"ரொம்ப உதவியா இருக்குதுங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல. எல்லாருக்கும் நன்றி."

கைதட்டல் கூரையில் மோதியது. பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள்.

சுபிக்ஷா கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. வனஜா மேடம் மட்டும் கைதட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, மேடைக்குப் பின்னால் தொங்கிய நீலத் திரையை ஒரு முறை பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

சுபிக்ஷா பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"நான் சொன்னது இது இல்லைங்க," என்றாள்.